மருந்து படைத்த மேதை

நோய் தீர்க்கும் மருந்துகளை நம் முன்னோர் காட்டிலும் மலையிலும் தேடிக் கண்டனர். வேரும் தழையும் பட்டையும் அவர்களுக்குக் கைகொடுத்தன. இயற்கையில் இல்லாத ஒரு பொருளை அறிவினால் அமைத்து, அதனைக் கொண்டு நோயை வெல்ல இயலுமோ? இயலும் என்று காட்டிய அறிஞருள் ஒருவர், சென்னையிற் கல்வி பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

இவர் 1895ஆம் ஆண்டு ஆந்திர நாட்டுப் பீமவரத்தில், எளிய குடும்பம் ஒன்றிற் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறையே தேறினார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் நெறியிற் பற்றுக்கொண்டு கதராடை அணிந்து அறுவை மருத்துவம் பயிலச் சென்றமையால், ஆசிரியரின் சினத்திற்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. உண்ட உணவின் சத்து உடலிற் சேராது மெலிவிக்கும் ஸ்புரூ என்னும் கொடுநோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரைக் கொண்டு போயிற்று. அத்துயரம் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

மேற்கல்வி நாடி அமெரிக்கா சென்ற சுப்பாராவ், பாஸ்டன் நகரில் உள்ள ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஃபிஸ்க் என்னும் அறிஞருடன் ஆராய்ந்தார். உடல் நீர்மங்களில் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையொன்றை இருவரும் 1925இல் வெளியிட்டனர். உயிரணுக்களுக்கு ஆற்றல் வழங்கும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் 1929இல் கண்டறிந்தனர். இத்துணை அருஞ்செயல் புரிந்தும், அங்கே அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. மனந்தளராத அவர், 1940இல் லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தார்.

கீரையிலும் ஈரலிலும் மிகச் சிற்றளவில் உள்ள சத்துப்பொருள் ஃபோலிக் அமிலம். அதனை அவருடைய குழுவினர் 1945இல் செயற்கையாக ஆக்கினர். உடன்பிறந்தாரைப் பறித்த ஸ்புரூ நோய்க்கே அது மருந்தாயிற்று.

அதே வேளையில், பாஸ்டனில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்த சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், அச்சத்துப்பொருள் அந்நோயை விரைவுபடுத்துவதாகக் கருதினார். புதிய அணுக்கள் தோன்ற ஃபோலிக் அமிலம் வேண்டும். புற்றணுக்களோ அளவின்றிப் பெருகுவன. ஆதலின் அவற்றிற்கு அச்சத்தினை மறுத்தல் வேண்டும். சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தின் அமைப்பில் ஓர் ஆக்சிசன் தொகுதியை நீக்கி, அவ்விடத்தில் நைட்ரசன் தொகுதி ஒன்றைப் பொருத்தினர். அமினோப்டெரின் என்னும் புதுப்பொருள் பிறந்தது. அது போலித் திறவுகோல் போன்றது. பூட்டினுட் புகும், ஆயினும் திறவாது. மெய்த் திறவுகோலையும் புகவிடாது. ஃபார்பர் அதனைக் குழந்தைகள் 16 பேருக்கு அளித்தார். அவருள் 10 பேருக்கு நோய் தணிந்தது. அத்தணிவு சின்னாளே நின்றது. எனினும் அதுகாறும் மருந்தே இல்லை என்று கைவிடப்பட்ட நோய்க்கு எதிராகக் கிட்டிய முதல் வெற்றி அதுவே. 1948இல் உலகம் இதனை அறிந்தது. அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் வழங்கப்படுகின்றது. யானைக்கால் நோய்க்கு நம் நாட்டில் கொடுக்கப்படும் டி.இ.சி. மாத்திரையும் அவருடைய ஆய்வுக்கூடத்திலே தோன்றியதே.

1948ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் 53ஆம் அகவையில், சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். தம் பெயரை முன்னிறுத்த விரும்பாதவர் ஆதலின், தாய்நாட்டினர் பலரும் அவரை அறியாதிருந்தனர். 1995இல், அவர் பிறந்த நூற்றாண்டில், இந்திய அரசு அவர் உருவம் தாங்கிய அஞ்சல் தலையை வெளியிட்டுச் சிறப்பித்தது.

மாணவர்களே! தேர்வில் தோற்றவர், பட்டம் மறுக்கப்பட்டவர், பதவி கிட்டாதவர். இவரே எண்ணற்ற குழந்தைகளின் உயிர்காக்க வழி திறந்தார். தோல்வி முயற்சியின் முடிவன்று. பிறர் துயர் துடைக்கும் நோக்கத்தோடு இடைவிடாது உழைப்பாரின் தொண்டு, அவர் மறைந்த பின்னும் நின்று பயன் தரும்.