கல்லைச் சேர்த்தார், ஊர்ப்பேரையும் சேர்த்தார்... பூண்டி பக்கம் வந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் கதை!

உங்ககிட்ட என்ன கலெக்‌ஷன் இருக்கு? பழைய நாணயமா, ஸ்டாம்ப்பா, ஸ்கூல் படிக்கும்போது சண்டை போட்டுச் சேர்த்த டபிள்யூ.டபிள்யூ.இ கார்டா? அட்டைப் பெட்டியில போட்டு பரண்ல வெச்சிருந்தா, ஒரு தடவை இறக்கிப் பாருங்க. அதுக்கு முன்னாடி இந்தக் கதையைப் படிச்சிடுங்க.

அமெரிக்காவுல பேஸ்பால் கார்டு சேர்க்கிறது பெரிய ஹாபி. 1909-லிருந்து 1911 வரைக்கும் சிகரெட் பாக்கெட்டுக்குள்ள வெச்சுக் கொடுத்த சின்னச் சின்ன அட்டைகள்ல ஹோனஸ் வாக்னர் என்ற வீரரோட படம் போட்ட ஒரு கார்டு, 2022-ல 72.5 லட்சம் டாலருக்கு விலை போச்சு. நம்ம கணக்குல ஐம்பது கோடி ரூபாய்க்கும் மேல! அந்த வரிசைக்கு ‘டி206’னு பேர். அந்தப் பேரை வெச்சவர் ஜெஃபர்சன் பர்டிக், எலெக்ட்ரிக்கல் பொருள் செய்யும் ஃபேக்டரியில வேலை பார்த்த ஒரு சாதாரண தொழிலாளி. மூட்டுவாதத்துல கை விரல்கள் முடங்கிப்போன நிலையிலும், எந்தக் கார்டு எந்த வரிசை, யார் வெளியிட்டதுனு பட்டியல் போட்டார். மூணு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குச் சும்மா கொடுத்துட்டு, 1963-ல இறந்துபோனார்.

அதுக்குச் சரியா நூறு வருஷம் முன்னாடி, 1863-ல, நம்ம திருவள்ளூர் பக்கம் ஒருத்தர் சேர்க்க ஆரம்பிச்சார். அவர் சேர்த்தது கல். பேர், ராபர்ட் புரூஸ் ஃபுட். ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்துல இந்தப் பேரைப் பார்த்திருப்பீங்க. ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணிட்டு மறந்தும் போயிருப்பீங்க!

24 வயசுல சென்னைக்கு

ஃபுட் 1834-ல இங்கிலாந்துல இருக்கும் செல்ட்டன்ஹம் ஊர்ல பிறந்தார். 1858-ல இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். அப்போ அவருக்கு 24 வயசு. இன்னைக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்ல முதல் வேலைக்குச் சேரும் டிப்ளமோ பசங்களைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். வேலை என்னன்னா, ஊர் ஊரா நடந்து எந்த இடத்துல என்ன பாறை, என்ன மண் இருக்குனு மேப் போடணும். வெயில், மழை, காய்ச்சல் எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு கூடாரத்துல வாழும் வேலை.

இன்னொரு தகவல் உங்களை ஆச்சர்யப்படுத்தலாம். யாழ்ப்பாணத்துல ஆறுமுக நாவலரோட சேர்ந்து பைபிளைத் தமிழாக்கம் செய்த பாதிரியார் பீட்டர் பெர்சிவல்தான் ஃபுட்டோட மாமனார். தமிழ் பழமொழிகளைத் தொகுத்து அச்சுப் போட்டவர் அவர். மாமனார் பழமொழி சேர்த்தார், மருமகன் கல் சேர்த்தார்.

ஃபுட்டுக்குக் கல் மேல ஆசை வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. ஃபிரான்ஸ் நாட்டுல சோம் ஆற்றங்கரையில, அழிஞ்சுபோன விலங்குகளோட எலும்புகளுக்குப் பக்கத்துலயே மனுஷன் செதுக்கின கற்கள் கிடைச்சது. மனுஷன் அவ்வளவு பழைய காலத்துலயே இருந்தானானு பெரிய விவாதம். 1859-ல இங்கிலாந்து அறிஞர்கள் நேர்ல போய்ப் பார்த்து, அது உண்மைதான்னு ஒத்துக்கிட்டாங்க. இந்தச் செய்தி ஃபுட்டுக்குத் தெரியும். ஐரோப்பாவுல கிடைக்கும்னா இந்தியாவுல ஏன் கிடைக்காதுனு, போற வழியெல்லாம் தரையைப் பார்த்துக்கிட்டே நடந்தார்.

பல்லாவரத்துல ஒரு கிராவல் பள்ளம்

1863 மே 30. பல்லாவரம் ராணுவக் குடியிருப்பு மைதானத்துக்கு வடக்கே, கிராவல் எடுக்கத் தோண்டின ஒரு பள்ளம். அதுலிருந்து வெளியே கொட்டிக் கிடந்த குவியல்ல ஃபுட் ஒரு கல்லைப் பார்த்தார். அது மனுஷக் கை பட்ட கல். இந்தியாவுல பழைய கற்காலத்துக்கான தேடல் அந்தப் பள்ளத்தோட ஓரத்துலதான் தொடங்கிச்சு. அதனாலதான் இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வுக்கு அவரைத் தந்தைனு சொல்றாங்க.

சாதாரணக் கல்லையும் செதுக்கின கல்லையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? ஆத்துல உருண்டு வந்த கூழாங்கல் வழவழனு இருக்கும். கைக்கோடரி அப்படி இருக்காது. இன்னொரு கல்லால ஓங்கித் தட்டி, ரெண்டு பக்கமும் சில்லு சில்லா பெயர்த்து எடுத்திருப்பாங்க. சில்லு பெயர்ந்த இடமெல்லாம் சின்னக் குழி மாதிரி, ஒண்ணையொட்டி ஒண்ணு தெரியும். ஓரம் முழுக்க கூர்மையா, ஒரு முனை ஒடுங்கி, கிட்டத்தட்ட ஒரு நீர்த்துளி வடிவத்துல உள்ளங்கையில உட்காரும். ஒரு அடியில கல் உடையலாம். அளவெடுத்த மாதிரி ரெண்டு பக்கமும் இருபது, முப்பது அடி விழணும்னா, அதுக்கு ஒரு மனசும் ஒரு கையும் வேணும்.

பூண்டி பக்கம் கிடைச்ச புதையல்

நாலே மாசம் கழிச்சு, 1863 செப்டம்பர்ல, சக அதிகாரி வில்லியம் கிங்கோட ஃபுட் வந்து சேர்ந்த இடம்தான் அத்திரம்பாக்கம். சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர். இன்னைக்கு நீங்க ஊத்துக்கோட்டை வழியா பூண்டி ஏரிக்கு பைக்ல போய் செல்ஃபி எடுக்கிறீங்களே, அதுக்குப் பக்கம்தான். அப்போ ஏரி கிடையாது. பூண்டி நீர்த்தேக்கம் 1944-லதான் வந்தது. கொசஸ்தலை ஆத்தோட வடிகால் ஓடைகள் மண்ணை அரிச்ச இடத்துல, அடுக்கடுக்கா வெளியே தெரிஞ்ச செம்மண்ணுக்குள்ள கைக்கோடரிகள் கிடந்தது.

ஏன் இங்கே இவ்வளவு? கல்தான் காரணம். இந்தப் பகுதியில இருக்கும் அல்லிக்குழி மலைப் பக்கத்துல குவார்ட்சைட் கூழாங்கற்கள் ஏராளம். தட்டினா கூர்மையா பெயரும், சீக்கிரம் மழுங்காது. தண்ணிக்கு ஆறு, கருவிக்குக் கல்... ஆதிமனுஷனுக்கு இதைவிட நல்ல இடம் வேறென்ன வேணும்? இன்னைக்கு ஃபேக்டரி வைக்கிறவங்க தண்ணி, கச்சாப் பொருள் ரெண்டும் கிட்ட இருக்கானு பார்க்கிற மாதிரிதான் அவங்களும் பார்த்திருக்காங்க. திருவள்ளூர் மாவட்டத்தோட முதல் ‘இண்டஸ்ட்ரியல் ஏரியா’ அதுதான்னு தாராளமா சொல்லலாம்!

இங்கே கிடைச்ச கருவி வகைக்கு, பின்னாடி வந்த ஆய்வாளர்கள் சென்னையோட பேரையே வெச்சாங்க. உலகம் முழுக்க தொல்லியல் படிக்கிறவங்களுக்கு ‘மெட்ராஸ்’ என்றாலே கைக்கோடரி ஞாபகம் வந்த ஒரு காலம் இருந்தது.

வேலை ஒரு பக்கம், சேகரிப்பு ஒரு பக்கம்

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், ஃபுட்டுக்குச் சம்பளம் கொடுத்தது பாறைக்கும் கனிமத்துக்கும்தான். ஆதிமனுஷன் தேடல் அவர் தன் ஆசைக்குச் செய்தது. அதை ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை, ஐம்பது வருஷம் செய்தார்.

பெல்லாரி பக்கம் வழவழப்பா தேய்ச்ச புதிய கற்காலக் கோடரிகளைச் சேர்த்தார். 1880-களின் நடுவுல, கர்னூல் பகுதியில இருக்கும் பில்லசர்கம் குகைகளைத் தோண்டினார். அங்கே அவரோட மகன் ஹென்றியும் சேர்ந்து வேலை பார்த்தார். 33 வருஷ சர்வீஸுக்குப் பிறகு 1891-ல ஓய்வு பெற்றவர் சும்மா இருக்கலை. பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்குப் புவியியலாளரா போனார். குஜராத்தோட சபர்மதி ஆற்றங்கரையிலயும் கற்கருவி கண்டுபிடிச்சார். மொத்தம் நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள்!

ஆனா, கல் சேர்த்த வெள்ளைக்காரங்க அந்தக் காலத்துல நிறைய பேர் இருந்தாங்க. லண்டன்ல ஷோகேஸ்ல வெச்சு விருந்தாளிக்குக் காட்டிட்டு, அவங்க போன பிறகு எந்த ஊர்க் கல்னே தெரியாம போன சேகரிப்புகள் எத்தனையோ. ஃபுட் ஒவ்வொரு கல்லுக்கும் எந்த ஊர், எந்த ஆறு, என்ன மண்ணுன்னு எழுதி வெச்சார். 1904-ல தன் சேகரிப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு விற்றார். அப்படியே விட்டுட்டுப் போகாம, எல்லாத்துக்கும் விளக்கப் பட்டியல் எழுதுற வேலையில உட்கார்ந்தார். அப்போ அவருக்கு எழுபது வயசு.

அந்தப் புத்தகத்தை அச்சுல பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கலை. 1912 டிசம்பர்ல கொல்கத்தாவுல இறந்துட்டார். பட்டியல் 1914-லயும், கற்களோட காலத்தையும் இடங்களையும் பத்தின குறிப்புகள் 1916-லயும் வெளிவந்தது. கடைசிக் காலத்துல அவர் வாழ்ந்தது நம்ம ஏற்காட்டுல. அங்கே இருக்கும் ஹோலி டிரினிட்டி சர்ச்ல அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கு. அடுத்த தடவை ஏற்காடு டிரிப் போனா, எட்டிப் பாருங்க.

அந்த ஒரு வரிக்கு என்ன மதிப்பு?

கல்லோட வயசு என்னன்னு ஃபுட்டால எண் போட்டுச் சொல்ல முடியலை. அதுக்கான அறிவியல் அப்போ இல்லை. ஆனா, அத்திரம்பாக்கம் என்ற ஊர்ப்பேரை எழுதி வெச்சார் இல்லையா, அது ஆய்வாளர்களைத் திரும்பத் திரும்ப அங்கேயே கூட்டிட்டு வந்தது. 1999-ல இருந்து சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு அங்கே பல வருஷம் அகழாய்வு செய்தாங்க.

விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள், தரைக்கு மேல கிடக்கும் கல்லுக்குள்ள சில அபூர்வத் தனிமங்களை உருவாக்கும். கல் ஆழமா புதைஞ்சுட்டா, அந்தத் தனிமங்கள் கொஞ்சம் கொஞ்சமா குறையும். எவ்வளவு குறைஞ்சிருக்குனு அளந்தா, எப்போ புதைஞ்சதுனு கணக்குப் போடலாம். அப்படி அளந்ததுல, அங்கே கிடைச்ச பழைய கைக்கோடரிகளுக்கு வயசு சுமார் 15 லட்சம் ஆண்டுகள்னு 2011-ல ‘சயின்ஸ்’ இதழ்ல வெளியிட்டாங்க. 2018-ல ‘நேச்சர்’ இதழ்ல அடுத்த ஆச்சர்யம். பெரிய கோடரியை விட்டு, சின்னச் சின்னக் கருவிக்கு மாறின அடுத்த கட்டம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு. இதுக்கு மண் துகள் கடைசியா எப்போ வெயிலைப் பார்த்ததுன்னு அளக்குற முறையைப் பயன்படுத்தினாங்க.

இங்கேதான் நமக்கு ஒரு எச்சரிக்கை இருக்கு. ரெண்டு முறையுமே, கல்லும் மண்ணும் கிடந்த இடத்துல கலையாம கிடந்தாதான் வேலை செய்யும். ஜே.சி.பி வெச்சு ஒரு லோடு கிராவல் அள்ளினா, அந்த மண் வெயிலைப் பார்த்துடும், அதோட கடிகாரம் புதுசா ஓட ஆரம்பிச்சுடும். நீங்க ஒரு கல்லை எடுத்து பைக் பாக்ஸ்ல போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தா, அது அழகான கல்லா இருக்கும். எந்த அடுக்குல, எது பக்கத்துல கிடந்ததுன்னு எந்த லேப்பும் திருப்பிச் சொல்ல முடியாது.

ஃபுட் எடுத்துட்டுப் போகலையானு நீங்க கேட்கலாம். எடுத்தார். அன்னைக்கு அவர்கிட்ட இருந்த வழி அது ஒண்ணுதான். இன்னைக்கு உங்க பாக்கெட்டுல அதைவிட நல்ல கருவி இருக்கு.

நீங்க என்ன செய்யலாம்?

பூண்டி, ஊத்துக்கோட்டை பக்கம் ஓடையோரம் சந்தேகப்படுற மாதிரி ஒரு கல்லைப் பார்த்தா, கை வைக்காதீங்க. பக்கத்துல ஒரு பத்து ரூபா நாணயத்தை வெச்சு, லொக்கேஷனை ஆன் பண்ணிட்டு, கிட்ட ஒரு போட்டோ, சுத்துப்புறம் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுங்க. ஊர், தேதி குறிச்சுக்கோங்க. தமிழ்நாடு தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்துங்க. நூறு வருஷம் தாண்டின தொல்பொருளை உரிமம் இல்லாம விற்கிறதும், வெளிநாட்டுக்கு அனுப்புறதும் 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி குற்றம். அதனால, விலை பேசுற ஆசையெல்லாம் வேண்டாம்.

கையில எடுக்காமலே பார்க்கணுமா? பூண்டியில தொல்லியல் துறையோட தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கு. ஃபுட் சேர்த்த கற்களைப் பார்க்க எழும்பூர் மியூசியத்துல மானிடவியல் பிரிவுக்குப் போங்க. பக்கத்துல வெச்சிருக்கும் சீட்டுல ஊர்ப்பேரையும் படிச்சுப் பாருங்க.

இப்போ பரண்ல இருக்கும் உங்க பெட்டியை இறக்குங்க. தாத்தா கொடுத்த காலணாவா, சித்தப்பா வாங்கிக் கொடுத்த கார்டா... எதுவா இருந்தாலும் ஒரு சின்னச் சீட்டுல யார் கொடுத்தது, எப்போ, எந்த ஊர்லன்னு எழுதி உள்ளே வைங்க. தாத்தா இருக்கும்போதே கேட்டு எழுதிடுங்க.