காந்திஜியின் புத்தகத்தைத் திருத்திய வாத்தியார்

தஞ்சை மாவட்டத்து வலங்கைமானில், ஏழைப் புரோகிதர் ஒருவருக்கு மகனாக 1869-ம் ஆண்டு பிறந்தவர் சீனிவாச சாஸ்திரி.

கும்பகோணத்தில் படித்துப் பட்டம் பெற்றார். பள்ளிக்கூட வாத்தியார் ஆனார்.

1894-ல் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக வந்தார். இங்கிலீஷ் அவருக்கு உயிர். எழுத்திலும் சரி, உச்சரிப்பிலும் சரி, சிறு பிழையைக்கூட அவர் பொறுக்கமாட்டார்.

வெள்ளி நாக்கு

1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். வெளிநாடுகளில் இந்தியாவுக்காகப் பேசினார். வெள்ளி நாக்குப் படைத்தவர் என்று உலகமே புகழ்ந்தது.

1927-ல் இந்திய அரசின் ஏஜெண்டாகத் தென் ஆப்பிரிக்கா சென்றார். அங்கும் வாத்தியார் புத்தி போகவில்லை! இந்தியரிடம் பணம் திரட்டி, அவர்கள் பிள்ளைகளுக்காக டர்பன் நகரில் உயர்நிலைப் பள்ளி எழுப்பினார். அதற்குச் சாஸ்திரி கல்லூரி என்று பெயர் வைத்தார்கள்.

அண்ணாமலை நகரில்

1935-ல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகருக்கு வந்தார். ஒரு காலத்துப் பள்ளி ஆசிரியர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். 1940 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அதே 1940-ல் காந்திஜியின் சுயசரிதை இங்கிலீஷில் இரண்டாம் பதிப்பாக வெளிவந்தது. குஜராத்தியில் காந்திஜி எழுதியதை மொழிபெயர்த்தவர் மகாதேவ தேசாய். அந்த மொழிபெயர்ப்பை வரிவரியாகப் பார்த்துத் திருத்தியவர் சாஸ்திரி!

காந்திஜியின் ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஒப்புக்கொண்டதில்லை. ஆனாலும் இருவரும் அண்ணன் தம்பி போலப் பழகினார்கள்.

திருத்தித் தர ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தம் பெயரை வெளியிடக் கூடாது என்பதே அது. மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் திருத்தினார் என்று மட்டும் முன்னுரையில் அச்சாயிற்று.

1946-ல் அவர் சென்னை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். காந்திஜி நேரில் வந்து பார்த்தார். ஏப்ரல் 17-ந் தேதி சாஸ்திரி காலமானார்.

வாத்தியார் திருத்திய அந்தப் புத்தகத்தை உலகம் இன்றும் படிக்கிறது.