இருளில் ஏற்றிய விளக்கு

தேர்வில் தவறியவர் வாழ்விலும் தவறிவிடுவாரா? மார்க் மிட்சரின் வரலாற்றைக் கேளுங்கள்.

1887-ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்த இவர், அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் குறைந்த மதிப்பெண்ணாலும் குறும்புகளாலும் 1906-இல் விலக நேர்ந்தது. மனந்தளராமல் மீண்டும் முதலாண்டிலேயே சேர்ந்து 1910-இல் தேறினார்; 1916-இல் கடற்படை விமானியானார். 1919-இல் அட்லாண்டிக்கைக் கடக்க இவர் சென்ற விமானம், மூடுபனியில் வழி தெரியாமல் அசோர்ஸ் தீவுகளருகே கடலில் இறங்கியது. ஒரு கப்பல் வந்து காப்பாற்றியது.

1941-இல் 'ஹார்னெட்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் முதல் கேப்டனானார். மறு ஆண்டு மிட்வே போரில் அக்கப்பலிலிருந்து சென்ற 15 டார்பிடோ விமானங்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவற்றில் சென்ற 30 பேரில் ஒருவரே பிழைத்தார்.

1944 ஜூன் 20 இரவு. பிலிப்பைன் கடற்போரில் ஏறத்தாழ 200 விமானங்கள் எரிபொருள் தீரும் நிலையில் இருளில் திரும்பிக்கொண்டிருந்தன. விளக்கேற்றினால் பகைவரின் நீர்மூழ்கிகள் கப்பல்களைக் கண்டுகொள்ளும். எனினும், படைத்தலைவராயிருந்த மிட்சர் விளக்குகளை ஏற்றும்படி ஆணையிட்டார். பல விமானங்கள் கடலில் வீழ்ந்தாலும், விமானிகளுள் பெரும்பாலோர் உயிர் தப்பினர்.

1947-இல் மிட்சர் மறைந்தார். கடலில் விழுந்து காப்பாற்றப்பட்டவரே பிறரைக் காக்க விளக்கேற்றினார். நாம் பெற்ற உதவியை நாமும் பிறர்க்கு அளிப்போமாக!