சோட்டா நாகபுரியின் அப்போஸ்தலர் லீவன்ஸ் அடிகளார்

யூபிலி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவை கொடியேற்றம், தேர்ப்பவனி, ஆயர் பெருமகனின் திருப்பலி, பொது அசனம், இதுபோன்றதொரு மலர். இவை எல்லாம் வேண்டியவையே. ஆயினும் யூபிலி என்னும் சொல் பிறந்த இடத்திற்கு ஒருமுறை சென்று பார்ப்பது நமக்கு நல்லது. பழைய ஏற்பாட்டில் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் அதை விளக்குகிறது. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்க வேண்டும். வறுமையால் நிலத்தை விற்றவன் தன் நிலத்திற்குத் திரும்ப வேண்டும். அடிமைப்பட்டவன் தன் குடும்பத்தாரிடம் திரும்ப வேண்டும். நிலமும் உழவின்றி ஓய்வு கொள்ள வேண்டும். நிலம் ஆண்டவருடையது, மனிதர் அதில் தங்கியிருப்பவர்களே என்பது அதன் அடிப்படை. ஆக, யூபிலி என்பது முதன்முதலில் கோயில் விழாவாக அன்று, நிலத்தையும் விடுதலையையும் பற்றிய சட்டமாகவே தோன்றியது.

இந்த உண்மையைத் தம் வாழ்வாலேயே எடுத்துக்காட்டிய ஒரு குருவின் வரலாற்றை யூபிலி கொண்டாடும் நம் பங்கு மக்களின் முன் வைக்க விரும்புகிறோம். அவர்தாம் சோட்டா நாகபுரியின் அப்போஸ்தலர் என்று வட இந்தியத் திருச்சபை போற்றும் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அடிகளார்.

பிறப்பும் அழைப்பும்

பெல்ஜியம் நாட்டின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதியில் மூர்ஸ்லேட என்றோர் ஊர் உண்டு. அங்கே ஓர் உழவர் குடும்பத்தில் 1856 ஏப்ரல் 10ஆம் நாள் கான்ஸ்டன்ட் பிறந்தார். ஏரும் கலப்பையும், மழையும் அறுவடையும் அறிந்து வளர்ந்த பிள்ளை அவர். குருமடத்தில் சேர்ந்து பயின்றவர், தொலைநாட்டில் நற்செய்தி அறிவிக்கும் ஆவலால் 1878இல் சேசு சபையில் புகுந்தார். 1880இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1883இல் கல்கத்தாவில் குருப்பட்டம் பெற்றார்.

1885ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் ராஞ்சிக்கு அருகிலுள்ள டோரண்டாவுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 29 நிறையவில்லை. லூத்தரன் சபையின் மறைப்பணியாளர் 1845 முதலே ராஞ்சியில் உழைத்து வந்தனர். கத்தோலிக்கரின் எண்ணிக்கையோ அந்தப் பகுதியில் மிகச் சொற்பம்.

காட்டைத் திருத்தியவர்கள்

இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் அடங்கியுள்ள சோட்டா நாகபுரிப் பீடபூமி முண்டா, ஒராவோன் முதலிய ஆதிவாசி மக்களின் தாயகம். சால மரக் காடுகளும் இலுப்பை மரங்களும் நிறைந்த பூமி அது. காட்டை வெட்டித் திருத்தி முதலில் வயலாக்கிய குடும்பத்தாரின் வழிவந்தோருக்கே ஊர் நிலம் பொதுவாக உரியது என்பது முண்டாக்களின் பழைய முறை. இதற்குக் குண்ட்கட்டி என்று பெயர். அப்படித் திருத்தும்போதும் மூல வனத்தில் ஒரு சோலையை மட்டும் அவர்கள் வெட்டாமல் விட்டுவைத்தார்கள். சர்ணா எனப்படும் அந்தச் சோலை அவர்களுக்குப் புனிதமான இடம். காட்டை அழிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்று படிப்பறியாத அம்மக்கள் அறிந்திருந்தனர்.

அவர்களிடம் பட்டா கிடையாது. முன்னோரின் எலும்புகளைப் புதைத்து மேலே பெரிய கற்பலகைகளை வைப்பார்கள். எங்கள் பாட்டன் பூட்டன் இங்கே உறங்குகிறார்கள், ஆகவே இது எங்கள் மண் என்பதே அவர்களின் சாசனம்.

ஆங்கிலேயர் ஆட்சியிலோ கல்லுக்கு மதிப்பில்லை, காகிதத்திற்கே மதிப்பு. வெளியிலிருந்து வந்த ஜமீன்தார்களும் குத்தகைதாரர்களும் வட்டிக்காரர்களும் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பிடித்தார்கள். 1831, 1832ஆம் ஆண்டுகளில் கோல் மக்கள் பொங்கி எழுந்ததும் இந்த வேதனையால்தான். அந்தக் கிளர்ச்சி படை கொண்டு அடக்கப்பட்டது. 1878ஆம் ஆண்டு வனச் சட்டத்திற்குப்பின் காடுகளும் மெல்ல மெல்ல அரசின் காவலுக்குள் சென்றன.

ரசீதும் வெட்டி வேலையும்

1885ஆம் ஆண்டின் இறுதியில் லீவன்ஸ் அடிகளார் டோர்ப்பா என்னும் சிற்றூரில் குடியேறினார். மக்களின் மொழிகளைக் கற்றார். அவர்களுடைய திண்ணைகளில் அமர்ந்தார். அவர்கள் சொன்னவற்றைக் கேட்டார்.

என்ன கேட்டார்? குத்தகையைக் கொடுத்தாலும் ஜமீன்தாரின் ஆள் ரசீது தருவதில்லை. பின்பு பாக்கி என்று வழக்குப் போட்டு நிலத்தைப் பறிக்கிறான். ஜமீன்தாரின் வயலை உழவும், நடவும், அறுக்கவும் கூலியின்றி வெட்டி வேலைக்கு அழைக்கிறார்கள். தன் வயல் காய்ந்துகொண்டிருக்கும்போதே குடியானவன் அங்கே போக வேண்டும். நீதிமன்றத்திற்குப் போனால் அங்கே பேசும் மொழி புரிவதில்லை. இடைத்தரகர்கள் இரு பக்கமும் காசு பறிக்கிறார்கள். ஏழைக்குத் தோல்வியே மிஞ்சுகிறது.

இவை உலகக் காரியங்கள், குருவானவருக்கு இவற்றில் என்ன வேலை என்று அடிகளார் ஒதுங்கியிருக்கலாம். அவர் ஒதுங்கவில்லை. நிலச் சட்டங்களை எடுத்துப் படித்தார். சட்டம் முழுவதும் ஏழைக்கு எதிரானதன்று, ஏழை அதை அறியாததே அவனுக்கு எதிரி என்று கண்டுகொண்டார். நியாயமான குத்தகையைத் தவறாமல் செலுத்துங்கள், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள், சட்டத்திற்கு மிஞ்சிய வெட்டி வேலைக்குப் போகாதீர்கள் என்று மக்களுக்கு அறிவுறுத்தினார். அநியாய வழக்குகளை நீதிமன்றத்தில் எதிர்கொள்ள வழிகாட்டினார். வாளெடுக்கச் சொல்லவில்லை, அடிபணிந்து கிடக்கவும் சொல்லவில்லை.

செய்தி காட்டுத்தீயெனப் பரவியது. ஊர் ஊராக மக்கள் அவரைத் தேடி வந்தனர். குதிரையேறி மழையிலும் வெயிலிலும் சிற்றூர்களுக்கெல்லாம் சென்றார். உபதேசியார்களை அமர்த்தினார், பள்ளிகளைத் தொடங்கினார். 1888இல் ராஞ்சி அவருடைய பணிக்கு மையமாயிற்று. அதன்பின் மேற்கே தொலைவிலுள்ள பார்வே பகுதியிலும் ஒராவோன் மக்கள் பெருந்திரளாக மறையைத் தழுவினர். சில ஆண்டுகளுக்குள் திருமுழுக்குப் பெற்றோர் பல்லாயிரக்கணக்கில் பெருகினர்.

எழுந்த கேள்வி

இங்கே ஒன்றை நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிகளாரின் பணி அன்றே கடும் கண்டனத்திற்கு ஆளானது. குடியானவர்களைத் தூண்டிவிடுகிறார் என்று ஜமீன்தார்கள் குற்றம் சாட்டினர். அரசு அதிகாரிகள் சிலரும் ஐயுற்றனர். வழக்கில் வெல்வதற்காக வருகிறவர்கள் உண்மையான விசுவாசிகள் ஆவார்களா என்ற கேள்வியும் எழுந்தது.

கேள்வி நியாயமானதே. வந்தவர்களில் சிலர் பின்னாளில் விலகிப் போனார்கள் என்பதும் உண்மை. அடிகளாருக்குப்பின் வந்த குருக்கள் பல ஆண்டுகள் பொறுமையுடன் போதித்து அவசர விதைப்பைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. ஆயினும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஆண்டவரிடம் வந்தவர்கள் எல்லாரும் போதனை கேட்கவா வந்தார்கள்? கண் தெரிய வேண்டும், தொழுநோய் நீங்க வேண்டும் என்றுதானே பலர் வந்தார்கள்? நலம் பெற்ற பத்துத் தொழுநோயாளருள் திரும்பி வந்தவன் ஒருவனே. அதற்காக ஆண்டவர் மற்ற ஒன்பது பேரின் நோயைத் திரும்ப வரவழைக்கவில்லை. நிலம் பறிபோகும் மனிதனுக்கு ஆறுதல் மட்டும் கூறி அனுப்பும் திருச்சபையை அவன் எப்படித் தாய் என்று அழைப்பான்?

அணைந்த விளக்கும் அணையாத ஒளியும்

ஓயாத பயணமும் குறைந்த உணவும் உறக்கமின்மையும் அடிகளாரின் உடலை உருக்கின. காசநோய் பற்றியது. 1891இல் ஓய்வுக்காக டார்ஜிலிங் சென்றார். மீண்டும் மக்களிடம் வந்தார். நோய் முற்றவே 1892இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. மறுபடியும் சோட்டா நாகபுரியைக் காணும் ஆசை நிறைவேறாமலேயே 1893 நவம்பர் 7ஆம் நாள் லூவன் நகரில் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 37. அவர் ஆதிவாசி மக்களோடு வாழ்ந்தது ஏறக்குறைய ஏழே ஆண்டுகள்.

அவர் மறைந்தாலும் நிலத்தின் அழுகுரல் ஓயவில்லை. லூத்தரன் பள்ளியில் பயின்று பின்னர் தனி வழி கண்ட பிர்சா முண்டாவின் தலைமையில் 1899இல் பெரும் எழுச்சி மூண்டது. அந்தக் கோபம் மறைப்பணித் தளங்களையும் விட்டுவைக்கவில்லை. சர்வதாவில் நம் குருக்கள் வாழ்ந்த இடத்தின் மீதும் அம்புகள் பாய்ந்தன. பிர்சா 1900 ஜூன் 9ஆம் நாள் ராஞ்சி சிறையில் இறந்தார். அவருக்கு வயது 25 ஆகவில்லை.

அதே சர்வதாவில் பணியாற்றிய சேசு சபைக் குரு ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன், தம்மீது அம்பு தொடுத்த மக்களையே மேலும் ஆழமாக அறிய முற்பட்டார். முண்டாக்களின் நில முறைகளை எழுதி அரசின் முன் வைத்தார். 1908இல் சோட்டா நாகபுரி குத்தகைச் சட்டம் பிறந்தபோது அதன் உருவாக்கத்தில் அவருடைய உழைப்பும் இருந்தது. ஆதிவாசியின் நிலம் வெளியார் கைக்கு எளிதில் போய்விடாதபடி காக்கும் சட்டம் அது. 1909இல் அவர் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் தொடங்கி வட்டிக்காரரின் பிடியைத் தளர்த்தினார். முதல் உலகப் போரின்போது, ஜெர்மானியர் என்ற காரணத்தால் 1915இல் நாடுகடத்தப்பட்டார். லீவன்ஸ் அடிகளார் ரசீதில் தொடங்கியது சட்டத்தில் வந்து நின்றது எனலாம்.

சட்டம் இருந்தும் போராட்டம் முடியவில்லை. நிலக்கரியும் இரும்பும் நிறைந்த அந்த மண்ணை நாடாத தொழில் எது? அச்சட்டத்தைத் தளர்த்த 2016இல் நிறைவேற்றப்பட்ட திருத்தம் மக்களின் எதிர்ப்பால் 2017இல் கைவிடப்பட்டது. நம் தமிழ் மண்ணும் அங்கே ஒருவரைக் காணிக்கையாக்கியுள்ளது. திருச்சி மாவட்டத்தில் 1937இல் பிறந்த சேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் நில உரிமைக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். 2020இல் கைதானவர், 2021 ஜூலை 5ஆம் நாள் காவலில் இருந்தபடியே மும்பையில் ஒரு மருத்துவமனையில் காலமானார்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட லவுதாத்தோ சீ மடலில், பூர்வ குடிகளுக்கு நிலம் விற்பனைப் பொருளன்று, அது கடவுளின் கொடையும் முன்னோர் உறங்கும் இடமும் ஆகும் என்று போதித்தார். டோர்ப்பாவின் திண்ணையில் லீவன்ஸ் அடிகளார் கேட்டறிந்ததும் அதுவே.

நமக்கு ஒரு பாடம்

1993இல், அடிகளார் இறந்து நூறாண்டு நிறைந்தபோது, அவருடைய எச்சங்கள் பெல்ஜியத்திலிருந்து ராஞ்சிக்குக் கொண்டுவரப்பட்டு மரியன்னை பேராலயத்தில் வைக்கப்பட்டன. முன்னோரின் எலும்பு உறங்கும் இடமே தங்கள் மண் என்று நம்பிய மக்கள் அவருடைய எலும்புக்கும் தங்களிடையே இடம் தந்தார்கள். அந்நியராய் வந்தவர் அந்த ஊராராகிவிட்டார். இதைவிடப் பெரிய பட்டா வேறு உண்டோ?

அன்பார்ந்த பங்கு மக்களே! நம் ஆலயத்தைச் சுற்றியும் வீட்டுமனைப் பட்டாவுக்காக ஆண்டுக்கணக்கில் அலையும் குடும்பங்கள் உண்டு. படிக்கத் தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டுத் தவிப்போர் உண்டு. தூர்ந்துபோகும் குளமும் வெட்டப்படும் பனையும் உண்டு. ஒரு மனுவை எழுதிக் கொடுப்பதும், ஒரு விதவையுடன் தாலுக்கா அலுவலகம் வரை சென்று வருவதும், ஊர்க் குளத்தைக் காக்க எல்லா மதத்தாரோடும் கைகோப்பதும் ஜெபத்திற்குப் புறம்பானவை அல்ல. ஆலயத்தில் தொடங்கும் வழிபாடு அங்கேதான் நிறைவடைகிறது.

எக்காளம் முழங்கும் இந்த யூபிலி ஆண்டில், நிலத்தை இழந்த ஒருவரேனும் நம்மால் தம் நிலத்திற்குத் திரும்பினால், லேவியர் நூல் சொன்ன யூபிலியை நாம் உண்மையாகவே கொண்டாடியவர்கள் ஆவோம். அதற்கான துணிவை லீவன்ஸ் அடிகளாருக்கு அருளிய இறைவன் நமக்கும் அருள்வாராக!