சுப்ரதோ முகர்ஜி

சென்னையினின்று செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர் தாம்பரம். அதன் கீழ்பால் பரந்த விமானத் தளம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை விமானங்கள் தங்கிய இடம் அது. 1954-ஆம் ஆண்டில் அம்பாலாவிலிருந்து ஒரு பள்ளி அங்கு வந்து சேர்ந்தது. அது விமானம் ஓட்டக் கற்போர்க்கு உரியதன்று. கற்பிக்கும் ஆசிரியரை ஆக்கும் பள்ளி. அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாள், இந்திய வானப்படையின் தலைமை முதன்முதலாக ஓர் இந்தியர் கைக்கு வந்தது. அவரே சுப்ரதோ முகர்ஜி.

முகர்ஜி 1911-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அந்நாளில் இந்தியர் விமானம் ஓட்டத் தகுதியுடையவரோ என்று ஆங்கிலேயர் பலர் ஐயுற்றனர். அவ்வையம் தீர்க்கும் கடமை இளைஞர் சிலர்மேல் விழுந்தது. இங்கிலாந்திலுள்ள கிரான்வெல் கல்லூரிக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற அறுவருள் முகர்ஜியும் ஒருவர். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் இந்திய வானப்படை தோன்றியது. அறுவருள் ஐவர் விமானமோட்டிகள் ஆயினர். மறு ஆண்டிலேயே அவருள் இருவர் விபத்தில் மாண்டனர். கராச்சியில் அமைந்த முதற் படைப்பிரிவிடம் இருந்தவை நான்கே வாபிட்டி விமானங்கள், அவையும் பழையன. தோழரை இழந்தும் முகர்ஜி பின்வாங்கினாரல்லர்.

1939-ஆம் ஆண்டு அப்பிரிவின் தலைமையை அவர் ஏற்றார். வடமேற்கு எல்லைப் போரில், பகைவரால் சூழப்பட்ட ஒரு காவற்படையினர்க்குத் தோட்டாக்கள் தீர்ந்துபோயின. வானிலிருந்து அதனை உணர்ந்த முகர்ஜி, தம் விமானத்துத் துப்பாக்கிக்கு உரிய தோட்டாக்களையே காலுறைகளில் இட்டு அவர்களிடம் எறியச் செய்தார். 1943-இல் கோகாட் தளத்தின் தலைவரானார். இந்தியர் ஒருவர் விமானத் தளத்துக்குத் தலைவரானது அதுவே முதன்முறை.

நாடு விடுதலை பெற்றபோது பிரிவினையால் வானப்படையும் பிளவுண்டது. விமானங்களை விலைக்கு வாங்கலாம்; அவற்றை ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியரை எங்கே வாங்குவது? இக்குறையைப் போக்கவே 1948-இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி அம்பாலாவில் நிறுவப்பெற்றது. முகர்ஜி தலைவரான ஆண்டிலேயே அது தாம்பரம் எய்தியது. அங்கு எழும் பயிற்சி விமானத்துக்கு, ஏரிகள் நிறைந்த செங்கற்பட்டுச் சீமையைக் கடந்து மாமல்லபுரத்துக் கடற்கரையை எட்ட ஏறத்தாழ அரை நாழிகை போதும். விமானத்தில் இருப்போர் ஆசிரியரும் மாணவரும் ஆகிய இருவரே. மாணவர் தவறு செய்தவுடன் ஆசிரியர் கைநீட்டினால் அவர் ஒருநாளும் கற்கமாட்டார். நீட்டத் தாழ்த்தினால் இருவரும் மாள்வர். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நொடியை அறிவதே அப்பள்ளியின் பாடம். ஆசிரியரை மலையோடும் நிறைகோலோடும் ஒப்பிட்ட நன்னூலார் இவ்வாசிரியரைக் கண்டிருந்தால் வேறோர் உவமையும் தேடியிருப்பார் போலும்! நட்பு நாடுகளின் வீரரும் இப்பள்ளியில் பயின்றுள்ளனர்.

முகர்ஜியின் தலைமையில் வானப்படை வளர்ந்தது. ஹன்டர், கான்பெரா முதலிய தாரை விமானங்கள் வந்து சேர்ந்தன. பந்தாட்டத்தில் பெருவிருப்புடைய அவர், பள்ளிச் சிறுவர்க்கெனக் கால்பந்துப் போட்டி ஒன்று அமையவும் வழிகோலினார். 1960-இல் தொடங்கிய அப்போட்டியில் வழங்கப்பெறுவதே சுப்ரதோ கோப்பை.

அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் டோக்கியோ நகரில் உணவு உண்ணும்போது, உணவுத்துண்டு ஒன்று மூச்சுக்குழலை அடைத்தது. மருத்துவர் வருமுன் அவர் உயிர் பிரிந்தது. எல்லைப்போரிலும் பழைய விமானங்களிலும் பிழைத்த அவ்வீரர்க்கு அப்போது அகவை 49. அவரது உடல் தில்லிக்குக் கொணரப்பெற்றுப் படைமரியாதையுடன் எரியூட்டப்பெற்றது.