கோயில் வீட்டிலிருந்து தப்பிய 7 வயது சிறுமி... அடைக்கலம் கொடுத்த 'அம்மா': யார் இந்த ஏமி கார்மைக்கேல்?

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே 13-ம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கு சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. குற்றவாளிகளுக்கு தண்டனை கிடைச்சாச்சு. ஆனா பாதிக்கப்பட்டவங்க மனசு ஆறுவதற்கு என்ன வழி? நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கேள்விக்காக தன் வாழ்நாளைச் செலவிட்டவர், அயர்லாந்திலிருந்து தமிழகம் வந்த ஏமி கார்மைக்கேல்.

யார் இவர்?

1867 டிசம்பர் 16-ல் அயர்லாந்தின் மில்லைல் என்ற கடலோர ஊரில் பிறந்தார். 18 வயதுக்குள் தந்தையை இழந்தார். பெல்ஃபாஸ்ட் நகரில் மில் வேலைக்குப் போகும் ஏழைப் பெண்களுக்காகப் பணி செய்தார். ஜப்பானில் சில காலம் இருந்துவிட்டு, 1895-ல் கிறிஸ்தவ மிஷனரியாக இந்தியா வந்தார். அடுத்த வருஷமே நெல்லைச் சீமைக்கு வந்து, தமிழ் படித்து, சேலை கட்டி, கிராமம் கிராமமாகச் சென்றார். அதன்பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

1901-ல் என்னாச்சு?

அந்த வருஷம் மார்ச் மாதம், பண்ணைவிளையில் இருந்த ஏமியிடம் ப்ரீனா என்ற 7 வயது சிறுமி அடைக்கலம் தேடி வந்தாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்தவள். ஏற்கெனவே ஒருமுறை தப்பி அம்மாவிடம் ஓடியிருக்கிறாள். ஆனா அங்கிருந்து திரும்ப ஒப்படைக்கப்பட்டு, தண்டனையாகக் கைகளில் சூடு போடப்பட்டது.

தேவதாசி மரபில் இசையும் நடனமும் வளர்த்த பெரும் கலைஞர்கள் உண்டு. அதேநேரம், விவரம் தெரியாத சிறுமிகள் பாலியல் சுரண்டலுக்குத் தள்ளப்பட்டதும் நடந்தது. அதை அந்தக் குழந்தை வாயாலேயே கேட்ட பிறகு ஏமியின் பாதை மாறியது.

டோனாவூரில் கிடைத்த குடும்பம்

களக்காடு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள டோனாவூரில் இல்லம் உருவானது. 1904-க்குள் 17 குழந்தைகள் சேர்ந்தனர். 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர்.

இங்கே வார்டன் கிடையாது. சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் தாய் போல ஒருவர். வளர்க்கும் தமிழ்ப் பெண்கள் அக்கா, வெளிநாட்டுப் பெண்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி. ஏமி எல்லோருக்கும் அம்மா. பிறந்த நாள் தெரியாத குழந்தைகளுக்கு, இல்லத்துக்கு வந்த நாளே கொண்டாட்ட நாள். தோட்டம், பாட்டு, மலையில் விளையாட்டு, தினசரி ஜெபம் என நாட்கள் நகர்ந்தன. நடந்த கொடுமை அல்ல, வந்து சேர்ந்த நாள்தான் அந்தக் குழந்தைக்கு அடையாளம்.

விமர்சனம் இல்லையா?

இருந்தது. உறவினர்கள் எதிர்த்தனர், நீதிமன்ற வழக்குகளும் வந்தன. சக மிஷனரிகள் சிலரே அவர் எழுதியதை மிகை என்றனர். குழந்தைகள் கிறிஸ்தவர்களாகவே வளர்க்கப்பட்டது இன்றும் கேள்விக்குள்ளாகிறது. பாதிக்கப்பட்டவருக்கு நம்பிக்கை ஆறுதல் தரலாம், ஆனா அது அவரே தேர்ந்தெடுப்பதாக இருக்கணும் என்பதே இன்றைய பார்வை.

கடைசி 20 ஆண்டுகள்

1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் பெரும்பாலும் படுக்கையில்தான். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார், குழந்தைகளுக்குக் கடிதம் எழுதினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உள்ளிட்டோரின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 1947-ல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் வந்தபோது ஏமி உயிரோடு இருந்தார். 1951 ஜனவரி 18-ல், 83 வயதில் காலமானார்.

தனக்குக் கல்லறைக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் பறவைகள் நீர் அருந்தும் ஒரு கல்தொட்டியை வைத்து, அதில் அம்மா என்று மட்டும் பொறித்தார்கள்.

உதவி தேவையா?

குழந்தைகளுக்கு எதிரான கொடுமை தெரிந்தால் 1098, பெண்களுக்கான உதவிக்கு 181. கோவை, திருப்பூர், ஈரோடு உட்பட எங்கிருந்தும் அழைக்கலாம். ப்ரீனாவுக்கு அன்று ஒரு கதவு திறந்தது. இன்று அந்தக் கதவு ஒரு போன் தூரத்தில் இருக்கிறது.