தனித் தட்டில் சாப்பிட்டவர் போட்ட சூரியக் கணக்கு

வாடிப்பட்டியிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகள் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே மலையில் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் தேவை எழுந்தது. அதிலிருந்து பிறந்த ஆய்வகம் இது. நிலமில்லாத கூலிக்காரர்களைத்தான் அந்தப் பஞ்சம் அதிகம் வாரிக்கொண்டு போனது.

அங்கே நூறாண்டுக்கும் மேலாக எடுக்கப்படும் படங்களில் ஒரு வகை, எலக்ட்ரான் கழன்ற கால்சியம் அணு விடும் ஒளியில் எடுக்கப்படுவது. சூரியனின் மேல் அடுக்கில் அந்த அணு ஏன் அப்படி ஆகிறது? 1920-இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் மேகநாத் சாகா.

1893 அக்டோபர் 6-இல் டாக்கா அருகே சியோரத்தலி கிராமத்தில் பிறந்தார். அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. மேல்சாதியினர் தாழ்வாக நடத்திய சாதி. ஊரில் மேல்படிப்புக்குப் பள்ளி இல்லை. பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு மருத்துவர் வீட்டில் இடம் கிடைத்தது. மாட்டைப் பராமரிக்க வேண்டும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ வேண்டும் என்பது ஏற்பாடு. டாக்காவில் ஆங்கிலேய கவர்னர் வருகையை எதிர்த்த மாணவர்களோடு சேர்ந்ததால் பள்ளியும் போனது, உதவித்தொகையும் போனது.

கல்கத்தா மாநிலக் கல்லூரி விடுதியில் அவரோடு ஒரே கூடத்தில் சாப்பிட மேல்சாதி மாணவர்கள் மறுத்தார்கள். சரஸ்வதி பூஜையில் பூப்போடவும் விடவில்லை. அவரைத் தலித் என்று சொல்லலாமா என்று வாதிடுவோர் உண்டு. அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்ததில் வாதம் எதுவும் இல்லை.

அவர் கண்டது இதுதான்: வெப்பம் ஏறினால் அணுவிலிருந்து எலக்ட்ரான் கழலும், அழுத்தம் குறைந்தால் இன்னும் எளிதாகக் கழலும். எவ்வளவு கழலும் என்பதற்கும் சமன்பாடு தந்தார். நட்சத்திரங்களின் வெப்பத்தை அவற்றின் ஒளியிலிருந்தே அறிய அது வழி திறந்தது.

சூரியன் குமுறும்போது பூமியை நோக்கிச் சீறி வருவதும் இப்படி மின்னேற்றம் பெற்ற துகள்கள்தான். 1989 மார்ச் 13-இல் அத்தகைய புயலால் கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் ஒன்பது மணி நேரம் இருளில் கிடந்தது. செயற்கைக்கோளும் வானொலித் தொடர்பும்கூடத் தடுமாறும். 2023-இல் நாம் ஆதித்யா எல்-1 விண்கலத்தை அனுப்பியது இதைக் கண்காணிக்கத்தான்.

நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் சாகாவுக்குக் கிடைக்கவில்லை. ஆய்வகத்தோடு அவர் நின்றுவிடவுமில்லை. தாமோதர் நதி வெள்ளத்தைப் பற்றி எழுதினார், நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார், 1952-இல் தேர்தலில் நின்று மக்களவைக்குப் போனார். 1956 பிப்ரவரி 16-இல் டெல்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் விழுந்து இறந்தார். வயது 62.